டெலிபோனுக்கு மேலே ஒட்டிய தாள்

நம் கடையில் டெலிபோனுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘தமிழில் பேசும்போது அடி என்ற சொல் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதியது. எழுத்து என்னுடையது. புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் முதல் நாளே அதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள் என்று முதலாளி சொன்னார். சிரிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

இருபத்திரண்டு வருஷம் அந்த டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய கார் வாங்கப் போகிறவர் நம்மைக் கூப்பிடுவார். நாம் போய் வண்டியைப் பார்த்துவிட்டு, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று சொல்வோம். பிழைப்பு அவ்வளவுதான். போன வருஷம் முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். புதுப் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக்கொடு என்று முதலாளி கேட்டார். எஞ்சின் சத்தத்தை எப்படிக் கேட்பது, ஆயிலின் நிறத்தை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அவரே சொல்லிக்கொடுப்பார். என்னைவிட நன்றாகவே சொல்வார். நான் அந்தத் தாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், உங்களைக் கூப்பிடப் போகிறவர்கள் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய வண்டி வாங்குகிறவர்களுக்கு நம் தயவு தேவையில்லை. நம்மிடம் வருகிறவர்கள் பதினைந்து, பதினெட்டு வருஷத்துச் சின்ன வண்டி வாங்குகிறவர்கள். பின்கதவைத் தூக்கினால் ஒரு அரிசி மூட்டையும் ஒரு கேஸ் சிலிண்டர் தோம்பும் வைக்க இடமிருக்கும், அந்த மாதிரி வண்டி. அவர்கள் கேட்கிற கேள்விகள் உங்களைக் குழப்பும். ஏர்கோன் குளுகுளு என்று இருக்கா என்பார்கள். பிரேக்கைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். ஈப்போவில் ஒருவருக்காக ஒரு வண்டி பார்த்தேன். கியர்பாக்ஸ் போய்விட்டது, வேண்டாம் என்றேன். நம்பரைக் கூட்டினால் ஒன்பது வருகிறது என்று வாங்கிவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கியர்பாக்ஸை மாற்றிக்கொள்ளலாம், நம்பரை மாற்ற முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர்கள் எதைக் கேட்டாலும் சிரிக்காதீர்கள். கேட்கத் தெரியாததையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

இப்போது தாளுக்கு வருகிறேன். அதன் பின்னால் இருக்கிற கதையை முதலாளி உங்களுக்குச் சொல்லியிருப்பார். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, “அடி இருக்காண்ணே?” என்று கேட்டாராம். எங்கேயும் மோதி அடிபட்ட வண்டியா என்று கேட்கிறார் என நினைத்து, “அடி இல்லம்மா” என்று நான் சொன்னேனாம். அவர் கேட்டது வண்டியின் அடிப்பாகத்தை. ஆறு வாரம் கழித்துத் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், நான் சொன்னது போலவே அடி இல்லை. துரு தின்று, ஓட்டை வழியாக ரோடு தெரிந்ததாம்.

நல்ல ஜோக்தான். கல்யாண வீட்டில், மார்க்கெட்டில், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூடச் சிரிப்பு வராமல் போனதில்லை. ஆனால் ஒரு வரியை மாற்றித்தான் சொல்லிவந்தேன். மாற்றியது எனக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும் என்பது போன மாதம்தான் தெரியவந்தது.

அந்த அம்மாவின் பெயர் விஜயா. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்தை ஒட்டி ஒரு வரிசை வீடு. மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்தால் பாதை முழுக்கக் குழம்பு. விஜயா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்தார். கணவர் சுப்பையா மர லோரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

முதலில் மோட்டோவில் போய்வந்தார்கள். விஜயா ஓட்டுவார், சுப்பையா பின்னால் உட்காருவார். போகும்போது பிரச்சினை இல்லை. ரத்தம் கழுவித் திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றும். ஒருநாள் சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில் அப்படியே பக்கவாட்டில் சரிந்து ரோட்டில் விழுந்துவிட்டார். பின்னால் வந்த லோரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தார். அந்த வாரமே விஜயா கார் லைசென்ஸுக்குப் பேர் கொடுத்தார். நாற்பத்து மூன்று வயதில், பார்க்கிங்கில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை பாஸ் செய்தார். ஆகவே அந்தக் கார் யாருக்காக, எதற்காக என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். என்னிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

வண்டி ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய கார் வியாபாரியிடம் இருந்தது. வெளிர்பச்சை நிறம், ஐந்து கதவு, உள்ளே சீட்டெல்லாம் கிழியாமல் சுத்தம். நான் போன நாளில் காலையிலிருந்தே மழை. வியாபாரியின் இடத்தில் சிமெண்டு கிடையாது, கணுக்கால் வரைக்கும் சேறு. அன்று சாயந்திரம் என் அண்ணன் மகளுக்குப் பரிசம். நேராக அங்கே போய்விடலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

என் காரின் பின்னால் ஜாக்கி இருந்தது. கீழே விரித்துப் படுக்கிற அட்டையும் இருந்தது. இரண்டையும் எடுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு தெரிந்தது. வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் பழைய சொந்தக்காரரின் முகவரி ஹுத்தான் மெலிந்தாங் என்று இருந்தது. கடலும் மீனும் உப்புக்காற்றும் உள்ள ஊர். முன் சீட்டுக்கு அடியில் கை தடிமனுக்கு ஒரு கட்டு பாண்டான் இலை, அன்று காலை வெட்டியது போலப் பச்சையாக இருந்தது. வாசனைக்கு எல்லோரும் வைப்பதுதான், ஆனால் இவ்வளவு வைத்தால் வேறு ஏதோ வாசனையை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கடலோர ஊர், மீன் ஏற்றிய வண்டி, அடியில் புதுப் பூச்சு. மூன்றும் சேர்ந்தால் அடியில் துரு என்பது நேற்றுச் சேர்ந்த உங்களுக்கே விளங்கும். எனக்கும் விளங்கியது. பதினெட்டு வருஷத்து வண்டி, இதில் என்னத்தைப் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் விஜயா போன் செய்தார். கேண்டீனில் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே சத்தமாகப் பேசினார். அவர் கேட்டது ஜோக்கில் வருவது போல “அடி இருக்காண்ணே” இல்லை.

“அடி எப்படிண்ணே இருக்கு? எங்க ரோடு மண்ணு ரோடு, அதான் கேக்குறேன்.”

இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். மோதி அடிபட்டதைப் பற்றிக் கேட்கிறவர் ‘அடி இருக்கா’ என்பார். ‘அடி எப்படி இருக்கு’ என்று தமிழ் பேசுகிற எவரும் கேட்க மாட்டார். மண் ரோட்டையும் சேர்த்துச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தேன், சேற்றைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது.

“அடி கிடி எதுவும் இல்லம்மா. எடுத்துக்கலாம்” என்றேன்.

அதில் பொய் கிடையாது. வண்டி எங்கேயும் மோதியதில்லை. அவர் கேட்காத கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு, நேரத்துக்குப் பரிசத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

விஜயா வண்டியை எடுத்தார். கோயிலில் நிறுத்திப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுப் படம் அனுப்பியிருந்தார். படத்தில் சுப்பையா முன் சீட்டில் பெல்ட் போட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் போன். பின்னால் தரை விரிப்பு ஈரமாகவே இருக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் டொக் டொக் என்று சத்தம் வருகிறது, மதியம் பன்னிரண்டு மணிக்கு ரத்தம் கழுவ இருக்கிறது, இன்றைக்கு மட்டும் ஓட்டிப் போகலாமா என்று கேட்டார்.

நம் தொழிலில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ‘இன்னிக்கு மட்டும்’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம் என்றால் ஒரு மனிதருக்கு ரத்தம் கழுவுவது தள்ளிப்போகும். போங்கள் என்றால் என்ன ஆகும் என்பது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் தெரியாது. போனில் பதில் சொல்லாதீர்கள். அன்று நானும் சொல்லவில்லை. வண்டியைத் தொட வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைக்கு அட்டையை விரித்துப் படுத்தேன். பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு, வண்டியின் உடம்போடு சேர்கிற இடம் ஒரு பக்கம் முழுக்கத் துருப்பிடித்திருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினால் தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. அந்தக் கறுப்புப் பூச்சுதான் பாதியைத் தாங்கிக்கொண்டிருந்தது. படுத்த நிலையிலேயே கணக்குப் போட்டேன். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். பதினெட்டு தடவை இந்த அம்மா, புது லைசென்ஸோடு, லோரிகளுக்கு நடுவே ஈப்போ வரைக்கும் இதை ஓட்டிப் போய்த் திரும்பியிருக்கிறார். 

வெளியே வந்தபோது சுப்பையா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், தலைவாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, மடியில் பையோடு காத்திருந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. வண்டி நகரக் கூடாது என்று சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இருவரையும் என் காரில் ஏற்றினேன்.

சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டினோம். விஜயா கேட்கப் போகிறார், இதோ கேட்கப் போகிறார் என்று காத்துக்கொண்டே ஓட்டினேன். கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கடைசியில் பேசினார்.

“தப்பு என் மேலதாண்ணே. அடின்னு மொட்டையா கேட்டுட்டேன். நீங்க அடிபட்டதத்தான் நெனச்சிருப்பீங்க. காரு விஷயத்துல எனக்கு ஒழுங்கா கேக்கத் தெரியல.”

நான் செய்த தப்புக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு வேண்டிய சாக்கை அவரே தேடி எடுத்துக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

“ஆமாம்மா, அப்படித்தான் நெனச்சேன்” என்றேன்.

பின் சீட்டில் சுப்பையா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்க லோரிக்கு அடியில் படுத்து எழுந்தவர். கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அன்னிக்கு நல்ல மழைலா.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் என்னிடம் எடுத்ததே இல்லை.

வண்டியைத் தெரிந்த பட்டறையில் விட்டு, அழுகியதை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் ரத்தம் கழுவுகிற நாளெல்லாம் நானே அவர்களை ஏற்றிப்போய்க் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட்டேன். போகும் வழியில் சுப்பையா கிரிக் மலைப்பாதையில் மரம் ஏற்றி இறங்கிய கதைகளைச் சொல்வார். நன்றாகச் சொல்வார். இவ்வளவு செய்கிறோமே, கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னபோது, விஜயா கொடுத்த சாக்கையே கதையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘அடி எப்படி’ என்பது ‘அடி இருக்கா’ என்று அன்றைக்குத்தான் மாறியது. மறுநாள் அந்தத் தாளை எழுதி ஒட்டினேன்.

சுப்பையா மூன்று வருஷம் கழித்து இறந்துபோனார். கடைசி வரைக்கும் அந்தச் சின்ன வண்டியில்தான் போய்வந்தார். விஜயா என்னை மறக்கவில்லை. யார் பழைய கார் வாங்கப் போனாலும், ஈப்போவில் ஒரு அண்ணன் இருக்கார், அவர்கிட்ட கேட்டுட்டு வாங்கு என்று நம் கடை நம்பரைக் கொடுப்பார். எத்தனை பேர் அப்படி வந்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவர் வரும்போதும் எனக்கு உள்ளே குத்தும். ஆனால் சொல்லவில்லை.

போன மாதம் கூப்பிட்டார். வண்டியை விற்கலாமா, இன்னும் வைத்துக்கொள்ளலாமா என்று வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் இப்போது வேலையில் இல்லை என்றேன். பரவாயில்லை, உங்க கண்ணு இருக்குல்ல என்றார். போனேன். வெளிர்பச்சை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. முழங்கால் வலியோடு, அட்டைகூட விரிக்காமல் அடியில் படுத்தேன். அன்றைக்குப் போட்ட வெல்டிங் அப்படியே இருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்தபோது, இனிமேலும் இந்தப் பொய்யைச் சுமக்க முடியாது என்று தோன்றியது. படுத்தபடியே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது, மழையில் படுக்க மனமில்லாமல் பேச்சை மாற்றினேன் என்றேன்.

அவருடைய செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன்.

“தெரியும்ணே” என்றார். “அன்னிக்குக் காலையில நீங்க அடியில படுத்திருக்கும்போதே அவரு சொல்லிட்டாரு, இந்த ஆளு அன்னிக்குப் பாக்கலன்னு.”

பிறகு ஏன் தப்பு உங்கள் மேல் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், என்னைக் குத்திக்காட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை.

“ஒங்கள குத்தம் சொல்லிருந்தா, திங்கக்கெழம அவர யாருண்ணே கூட்டிக்கிட்டுப் போயிருப்பா?”

நான் வெளியே வரவில்லை. நான் பெருந்தன்மையாக ஏற்றிப்போவதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரத்துக்கு முன்பணம் கட்டியவர் அவர். புருஷனை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, தன்னை விவரம் தெரியாதவளாக ஆக்கிக்கொண்டார். நான் அதையும் வாங்கி, ஜோக்காக ஊர் முழுக்க விற்றுவிட்டேன். கல்யாண வீட்டில் சிரித்தவர்களில் எத்தனை பேர் அவரைத் தெரிந்தவர்களோ, நினைத்தாலே கூசுகிறது.

நீங்களும் தப்புச் செய்வீர்கள். மழை பெய்யும், நல்ல சட்டை போட்டிருப்பீர்கள், ஏதோ ஒரு வீட்டில் விசேஷம் இருக்கும். பார்க்கவில்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். வெட்கம் ஒருநாளில் போய்விடும். வண்டி வாங்கியவர் வந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அவருக்கு உங்களிடம் இன்னும் ஏதோ தேவை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்க வேண்டாம், இன்னும் மூன்று வருஷம் ஓடும் என்று விஜயாவிடம் சொன்னேன். நிஜமா பாத்தீங்களா என்று கேட்டார். திரும்பிச் சட்டையின் முதுகைக் காட்டினேன். மண் அப்பியிருந்தது. அப்போதுதான் அவர் சிரித்தார்.

இதைப் படித்து முடித்ததும் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து போய் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். அந்தச் சொல்மேல் ஒரு தப்பும் இல்லை.